குத்துச்சண்டைப் படத்தின் அடுத்த பாகமா? துண்டைக் கவனியுங்கள்!

குத்துச்சண்டைப் படத்தின் அடுத்த பாகத்தில் யார் ஜெயிப்பார் என்பதைப் பாதி போஸ்டரே சொல்லிவிடும். அதைத் தெரிந்துகொள்ள டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. போன படம் பாக்கி வைத்த கணக்கு எப்படித் தீர்கிறது என்று பார்க்கத்தான் போக வேண்டும். ராக்கி வரிசையின் எட்டாவது படமான 'கிரீட் 2' (2018) இதற்கு நல்ல பாடம்.

செய்ய வேண்டியவை

• பழைய கணக்கைப் புரட்டிவிட்டுப் போங்கள். முந்தைய ஏழு படங்களையும் பார்க்க நேரமில்லையா? 'ராக்கி 4' (1985), 'கிரீட்' (2015) இரண்டும் போதும். முதலாவதில், சோவியத் வீரர் இவான் டிராகோவின் அடியில் அப்பல்லோ கிரீட் ரிங்கிலேயே உயிரை விடுகிறார். அடுத்ததில், அப்பா முகமே பார்க்காத மகன் அடோனிஸ் கையுறை மாட்டுகிறான். 'கிரீட் 2'இல் அவன் எதிரே நிற்பது டிராகோவின் மகன்.

• துண்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும். மூலையில் நிற்பவர் துண்டை ரிங்குக்குள் வீசினால், 'போதும், சண்டையை நிறுத்துங்கள்' என்று அர்த்தம். 1985இல் 'வீசாதே' என்றார் அப்பல்லோ, அவர் மூலையில் நின்ற ராக்கி தயங்கினார், நண்பன் போய்விட்டான். அந்த ஒரு தயக்கத்தின் சுமை 33 ஆண்டு கழித்து வந்த படத்திலும் இறங்கவில்லை. எனவே குத்து விழும்போதெல்லாம் மூலையில் நிற்கும் முகங்களையும் பாருங்கள்.

• எதிராளியின் வீட்டுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். 'ராக்கி 4' முடிவில் ராக்கியிடம் தோற்ற பிறகு நாடும் மனைவியும் கைவிட்ட மனிதர் டிராகோ. மகன் விக்டருக்குக் குத்தக் கற்றுக்கொடுத்ததே அந்த அவமானம்தான். அவனை வெறும் வில்லனாகப் பார்த்தால் பாதிப் படம் போய்விடும்.

• காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். அடோனிஸின் துணைவி பியான்கா பாடகி. அவளுக்குக் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது. இந்தக் கதையில் சத்தத்துக்கும் நிசப்தத்துக்கும் தனி இடம் உண்டு.

செய்யக்கூடாதவை

• பயிற்சிக் காட்சி வந்ததும் பாப்கார்ன் வாங்க எழுந்து போகக் கூடாது. வீரனின் மனம் மாறுவது அங்கேதான்.

• 'நிஜத்தில் இப்படியா அடிப்பார்கள்?' என்று பக்கத்து சீட்டில் வகுப்பெடுக்க வேண்டாம். நிஜச் சண்டையில் பல குத்துகள் கையுறையிலும் காற்றிலும் போகும். 12 ரவுண்டுப் போட்டி, இடைவேளைகளோடு சேர்த்து 47 நிமிடம் நீளும். சினிமா அதைச் சில நிமிடங்களில் காட்டியாக வேண்டும்.

• உற்சாகத்தில் முன்சீட்டுக்காரர் தலைக்கு மேல் ஹூக் பழகாதீர்கள். கைதட்டல், விசில் போதும்.

• எல்லாப் பாகத்திலும் ராக்கியாக நடித்த ஸ்டலோனை எதிர்பார்க்க வேண்டாம். 'கிரீட் 3' (2023) படத்தில் அவர் நடிக்கவில்லை. அதை இயக்கியது நாயகன் மைக்கேல் பி. ஜோர்டானே.

• தோல்வியைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். 1976இல் வந்த முதல் 'ராக்கி'யே தோற்றவன் கதைதான். 15 ரவுண்டும் தாக்குப்பிடித்து நின்றதற்குத்தான் ஊர் அவனைக் கொண்டாடியது.

• வெளியே வந்ததும் வரிசையில் நிற்பவர்களிடம் முடிவைச் சொல்லாதீர்கள். யார் ஜெயித்தார் என்று வாய் தவறி வந்துவிட்டால்கூட மன்னிக்கலாம். அந்தத் துண்டு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.