பிள்ளை யாரிடம்? சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாத தாய்மாருக்கு

இடம்பெயர்ந்த இடத்தில் கணவனும் மனைவியும் பிரிய நேர்ந்தால் காணியை விட, வீட்டை விடப் பெரிய கேள்வி பிள்ளை யாரிடம் என்பதே. "பிள்ளை தகப்பனுக்குத்தான் உரித்து, கோட்டுக்குப் போகக் காசும் இல்லை" என்று எத்தனையோ தாய்மார் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். இரண்டும் முழு உண்மையல்ல.

எமது வாசகர்களிற் பெரும்பாலோருக்கு இவ்விடயத்தில் ஏற்புடையது உரோமன் டச்சுச் சட்டம். திருமணம் நீடிக்கும் வரை அது தகப்பனுக்கு முன்னுரிமை கொடுத்தது மெய்தான். ஆயினும் காலப்போக்கில் நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கொள்ளத் தொடங்கின. எனவே கணவன் குடிக்கிறார், கைவிட்டுப் போனார் என்று சொல்வதோடு நிற்காமல், பிள்ளை உங்களிடம் எப்படி வளர்கிறது என்பதையும் காட்ட வேண்டும்.

சாலமோன் அரசனிடம் வந்த இரு பெண்களுக்கும் வேறு சாட்சி இருக்கவில்லை. உங்களுக்கு ஊரெல்லாம் சாட்சி உண்டு. பாடசாலை வரவும் தேர்ச்சி அறிக்கையும், கிளினிக் அட்டை, கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். ஒரு பயிற்சிக் கொப்பியில் தகப்பன் வந்த நாள், காசு தந்த நாள், சண்டை நடந்த நாள் எல்லாவற்றையும் திகதியுடன் குறியுங்கள். நன்மையையும் எழுதுங்கள், தீமை மட்டும் நிறைந்த கொப்பியை எவரும் எளிதில் நம்பார்.

நீதிமன்றம் கேட்டால் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். தகரக் கொட்டில் என்று வெட்கப்பட வேண்டியதில்லை. அவர் வரும் நாளில் பக்கத்து வீட்டுக் கட்டிலை இரவல் வாங்கி வைக்கவும் வேண்டாம். பிள்ளை எங்கே படுக்கிறது, எங்கே படிக்கிறது, நீங்கள் கூலிக்குப் போனால் யார் பார்க்கிறார்கள் என்பவற்றுக்கு நேரான பதில் இருந்தால் நல்லது.

பிள்ளையின் செலவுக்கான தாபரிப்பு வழக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்துக்கு உரியது. வீட்டு வன்முறை இருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அங்கேயே பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இவற்றுக்கு நீங்களே போகலாம். ஆனால் கட்டுக்காப்பு வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. அங்கும் வழக்காளி தானே தோன்றச் சட்டம் இடமளிக்கிறது. என்றாலும் மனுவிலும் சத்தியக்கடதாசியிலும் சிறு பிழை விட்டாலும் மாதக்கணக்கில் இழுபடும். சட்டத்தரணிக்குக் காசு கொடுக்காமல் போவது வேறு, சட்டத்தரணியே இல்லாமல் போவது வேறு. 1978இல் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தோருக்கு இலவசமாகச் சட்டத்தரணியை ஒழுங்குசெய்கிறது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய இடங்களில் அதன் நிலையங்கள் உள்ளன. வருமானத்தைக் காட்டும் கிராம அலுவலரின் கடிதத்துடன் அங்கே முதலில் செல்லுங்கள். கோட்டு வாசலில் நின்று மனு எழுதித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள்.

வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். வேறு மாவட்டத்தில் வழக்கு நடந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். விளங்காத கடதாசியில் கையொப்பமிட வேண்டாம்.

கட்டுக்காப்பு முழுவதும் உங்களுக்கே கிடைத்தாலும் தகப்பன் பிள்ளையைப் பார்க்க நீதிமன்றம் நேரம் ஒதுக்கலாம். தாபரிப்புக் காசு வரவில்லை என்று அதை மறிப்பது உங்கள் வழக்கையே கெடுக்கும். காசுக்கு நீதவான் நீதிமன்றம் இருக்கிறது. அவ்வாறே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்கு ஒளித்தோடவும் வேண்டாம். மறுபக்கத்தார் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டால் உடனே பொலிசில் முறையிடுங்கள். பிள்ளைக்கு ஆபத்தென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். மாகாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடவும் வழியுண்டு. அதைத் தனியாகச் செய்ய முயலாமல் சட்ட உதவி நிலையத்தைக் கேளுங்கள்.

தவணைகள் அரிவி வெட்டுக் காலத்திலும் விழும். ஒருநாள் கூலி போனாலும் தவறாமல் செல்லுங்கள்; நீங்கள் தோன்றாவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். நோயென்றால் வைத்தியச் சான்றிதழை எடுத்து, தவணைக்கு முன்னரே சட்ட உதவி நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.