நகரங்களில் பகுதிச் சபை: பேச்சு தீர்மானமாகும் வழி

கொல்கத்தாவின் பழைய தெருக்களில் வீட்டின் முகப்புத் திண்ணையை 'ரோயாக்' என்பர். அங்கு மாலையில் கூடும் அண்டை வீட்டார் உலக அரசியல் முதல் அடுத்த சந்தின் தண்ணீர்க் குழாய் வரை அனைத்தையும் அலசுவர். அகமதாபாத்தின் 'போல்' எனப்படும் குறுந்தெருக் குடியிருப்புகளில் பொது வாயிலும் பொது முற்றமும் இருந்தமையால், பொதுக் காரியங்களைக் கலந்து பேசும் வழக்கமும் இருந்தது. மும்பையின் 'சால்' வீடுகளின் நீண்ட தாழ்வாரம், தில்லியின் மொகல்லா, கேரளத்தின் ஊர்ப்புற வாசகசாலை ஆகியவையும் இத்தகைய இடங்களே. குடிநீர் வரும் நேரம், அள்ளப்படாத குப்பை, நியாயவிலைக் கடை அரிசியின் தரம், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் குறை, வரவிருக்கும் தேர்தல் என்று பேசப்படும் பொருள்கள் எங்கும் பெரும்பாலும் ஒன்றே.

இப்பேச்சை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. எந்தச் சாக்கடை எந்த மழைக்கு நிரம்பும், எந்தத் தெருவிளக்கு எத்தனை நாளாக எரியவில்லை என்னும் செய்திகளை நகராட்சிப் பொறியாளரைவிட அத்தெருவினர் நன்கறிவர். ஆயினும் இவ்வறிவு நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தை எட்டுவதில்லை. பேச்சுக்கும் தீர்மானத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை அகற்ற நம் நாட்டில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும் அவற்றால் பெறப்படும் படிப்பினைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கிராமத்துக்குச் சபை, நகரத்துக்குக் குழு

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. கிராம ஊராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற அனைவரும் கிராம சபையின் உறுப்பினர் என்று அது வரையறுத்தது. நிலமற்ற கூலித் தொழிலாளியும் நிலக்கிழாரும் அச்சபையில் சம உரிமை உடையவர்கள். நடைமுறையில் குறைகள் பல இருப்பினும், உரிமை எழுத்தில் இருக்கிறது.

அவ்வாண்டு ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் நகரங்களுக்கு உரியது. அது நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலத்தையும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடஒதுக்கீட்டையும், பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளையும் வகுத்தது. ஆனால் கிராம சபைக்கு ஒப்பான மக்கள் சபை எதையும் அது நகரங்களுக்கு அமைக்கவில்லை. மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில், ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வார்டுகளுக்கு ஒரு வார்டுக் குழு இருக்க வேண்டும் என்று 243எஸ் பிரிவு கூறுகிறது. அக்குழுவின் அமைப்பும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாநிலச் சட்டமன்றத்தின் முடிவுக்கு விடப்பட்டன.

'ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வார்டுகள்' என்னும் சொற்கள் பெரும் வேறுபாட்டுக்கு இடமளித்தன. மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1 கோடியே 24 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். மாமன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 227. சராசரியாக ஓர் உறுப்பினருக்கு 54,000க்கு மேற்பட்ட மக்கள். அங்கு வார்டுக் குழுவோ தேர்தல் வார்டு ஒவ்வொன்றுக்கும் அமைக்கப்படவில்லை. 24 நிர்வாக வட்டங்களை அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்பட்டது. ஒரு வட்டத்தின் சராசரி மக்கள்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டும். இத்தகைய குழுவைத் தெருவுக்கு அருகில் இருக்கும் அமைப்பு என்று கருத இயலாது.

நாட்டின் நகர்ப்புற மக்கள்தொகை 2011இல் 37 கோடியே 70 இலட்சத்தை எட்டியிருந்தது. மொத்த மக்கள்தொகையில் இது 31 விழுக்காடு. கிராமத்தை விட்டு நகரத்தில் குடியேறும் ஒருவர், தம் ஊரில் சபை உறுப்பினராகப் பெற்றிருந்த உரிமையை நகர எல்லையில் இழக்கிறார் என்பது சிந்தனைக்குரியது.

தொடக்க கால முயற்சிகள்

இத்துறையில் முதல் சோதனை தில்லியில் நடைபெற்றது. 1958இல் தில்லி மாநகராட்சி உருவான காலத்தில், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் நகர்ப்புறச் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. குடிசைப் பகுதிகளிலும் நெரிசலான தெருக்களிலும் 'விகாஸ் மண்டல்' என்னும் குடியிருப்போர் குழுக்கள் அமைந்தன. சாக்கடை துப்புரவு, நடைபாதை அமைத்தல், பெண்களுக்கான தையற் பயிற்சி போன்ற பணிகளை மக்களே கூடிப் பேசி மேற்கொள்வது இதன் நோக்கம். 1967இல் ஐதராபாத்தில் தொடங்கிய திட்டம் பின்னர் யுனிசெப் உதவியுடன் விரிவடைந்து, குடிசைவாழ் மக்கள் தம் வீடுகளைத் தாமே கட்டிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது.

வாய்ப்பு அளிக்கப்பட்டால் ஏழை மக்களும் முறையாகக் கூடிப் பேசி முடிவெடுப்பர் என்பதை இம்முயற்சிகள் மெய்ப்பித்தன. ஆனால் இக்குழுக்களுக்குச் சட்ட அடிப்படையோ நகராட்சி நிதியில் உரிய பங்கோ இல்லை. ஆர்வமுள்ள அலுவலர் இருக்கும் வரை பணி நடக்கும்; அவர் மாற்றலாகிச் சென்றால் தளரும். திட்டமாக வந்தது திட்டத்தோடு முடிந்துவிடும் நிலை இதனால் ஏற்பட்டது.

கேரளத்தின் அனுபவம்

பேச்சுக்கும் நிதிக்கும் நேரடித் தொடர்பு ஏற்படுத்தியது கேரளம். 1996 ஆகஸ்டு 17 அன்று அம்மாநிலத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கப்பட்டது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சி அமைப்புகளின் முடிவுக்கு விடப்பட்டது. சபைகளில் மேடைப் பேச்சுக்குக் குறைந்த நேரமே ஒதுக்கப்பட்டது. கூடியவர்கள் வேளாண்மை, குடிநீர், கல்வி, மகளிர் நலம் எனப் பொருள் வாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து அமர்ந்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் துணை நின்றார். குழுவின் முடிவுகள் எழுதப்பட்டு, மீண்டும் முழுச் சபையின் முன் வைக்கப்பட்டன. பெருங்கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கும் பெண்களும் முதியோரும் சிறு குழுவில் பேசினர்.

நகரங்களுக்கும் அம்மாநிலச் சட்டம் வழிவகுத்தது. ஓர் இலட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வாக்காளர் அனைவரையும் கொண்ட வார்டு சபை உண்டு. அதற்கு மேற்பட்ட நகரங்களில் குடியிருப்போர் சங்கங்கள், அயற்கூட்டங்கள், அரசியல் கட்சிகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் இடம்பெறும் வார்டுக் குழு உண்டு. 1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கம் இதற்கு வலுச் சேர்த்தது. அண்டை வீட்டுப் பெண்கள் பத்து முதல் இருபது பேர் கொண்ட அயற்கூட்டம் அதன் அடித்தளம். அதற்கு மேல் வார்டு அளவிலும் உள்ளாட்சி அளவிலும் கூட்டமைப்புகள் உள்ளன. சேமிப்புக்காகக் கூடும் பெண்கள் அங்கேயே தெருவின் குறைகளையும் பேசி முடித்து, சபைக்குத் தயாராக வருகின்றனர். சபைக்கு முன்பே ஒரு சிறிய பேச்சிடம் இருப்பது சபையின் தரத்தை உயர்த்துகிறது என்பது இங்கு பெறப்படும் பாடம்.

யார் பேசுகிறார்கள்?

மும்பையில் 1990களின் பிற்பகுதியில் தெரு அளவிலான குடியிருப்போர் குழுக்களை மாநகராட்சி ஏற்று, குப்பையைத் தரம் பிரித்தல், உரமாக்கல் போன்ற பணிகளில் ஈடுபடுத்தியது. தில்லியில் 2000ஆம் ஆண்டு 'பாகிதாரி' என்னும் பங்கேற்புத் திட்டம் தொடங்கியது. குடியிருப்போர் நலச் சங்கங்களும் மின்சாரம், குடிநீர், காவல் முதலிய துறைகளின் அலுவலர்களும் ஒரே மேசையில் அமர்ந்து சிக்கல்களைப் பேசினர். சிறு குறைகள் பல இதனால் விரைந்து தீர்ந்தன. 2005இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகளின் பொதுச்சேவை விருதையும் பெற்றது.

எனினும், இவ்வகைத் திட்டங்களில் ஒரு குறைபாடு அறிஞர்களால் சுட்டிக்காட்டப்பட்டது. முறையாகத் திட்டமிடப்பட்ட குடியிருப்புகளின் சங்கங்களே பெரிதும் பங்கேற்றன. குடிசைப் பகுதிகளுக்கு அத்தகைய இடம் தொடக்கத்தில் கிடைக்கவில்லை. மேலும் பல சங்கங்களில் வீட்டு உரிமையாளரே உறுப்பினர். வாடகைக்குக் குடியிருப்போர், அவ்வீடுகளில் பணிபுரியும் பெண்கள், தெருவோர வணிகர், குப்பை சேகரிப்போர் ஆகியோரும் அப்பகுதியின் வாழ்வில் பங்குள்ளவர்களே. 'தள்ளுவண்டிகளை அகற்ற வேண்டும்' என்று ஒரு சங்கம் தீர்மானிக்கும்போது, தள்ளுவண்டிக்காரர் அங்கு இருப்பதில்லை. சங்கம் என்பது தன் உறுப்பினருக்காகப் பேசுவது. சபை என்பது வாக்காளர் அனைவருக்கும் உரியது. அலுவலர்கள் இவ்வேறுபாட்டை மறந்து சங்கத்தின் கோரிக்கையைப் பகுதியின் கோரிக்கையாக ஏற்றால், குரலற்றவர்கள் மேலும் ஒதுக்கப்படுவர்.

மகாராட்டிரத்தின் பிவண்டி நகரம் மற்றொரு வகையில் கவனத்துக்குரியது. கைத்தறியும் விசைத்தறியும் நிறைந்த இந்நகரில் 1970இலும் 1984இலும் கடுமையான வகுப்புக் கலவரங்கள் நிகழ்ந்தன. 1980களின் இறுதியில் அங்குக் காவல்துறை அதிகாரியாகப் பணியாற்றிய சுரேஷ் கோப்டே, தெருதோறும் மொகல்லா குழுக்களை அமைத்தார். இரு சமயத்தையும் சேர்ந்த சாதாரணக் குடிமக்கள் அவற்றில் இடம்பெற்றனர். அன்றாடச் சச்சரவுகளும் பகுதிக் குறைகளும் அங்குப் பேசப்பட்டன. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அருகிலுள்ள பம்பாய் கலவரத்தில் ஆழ்ந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. கலவரம் மூண்டபின் கூட்டப்படும் அமைதிக் குழுவைவிட, சாதாரண நாளில் சாக்கடையைப் பற்றிப் பேசிப் பழகிய குழுவே நெருக்கடியில் பயன்படும் என்பதை இது உணர்த்துகிறது.

பகுதிச் சபைச் சட்டங்கள்

2005 டிசம்பரில் தொடங்கிய ஜவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டம், மைய நிதி பெறும் மாநிலங்கள் மக்கள் பங்கேற்புச் சட்டம் இயற்ற வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அதற்கென வகுக்கப்பட்ட மாதிரி நகர் ராஜ் மசோதா, நகராட்சி, வார்டுக் குழு, பகுதிச் சபை என மூன்று அடுக்குகளை முன்வைத்தது. வாக்குச்சாவடியை அடிப்படையாகக் கொண்டு, அதன் வாக்காளர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்டது பகுதிச் சபை. கிராம சபைக்கு இணையான அமைப்பு நகரத்துக்கு இவ்வாறு முதன்முறையாகத் தேசிய அளவில் முன்மொழியப்பட்டது.

மாநிலங்கள் பல சட்டம் இயற்றின. ஆனால் விதிகள் வருவதற்கும் சபைகள் கூடுவதற்கும் ஆண்டுகள் பல ஆயின. தமிழ்நாட்டில் வார்டுக் குழு, பகுதிச் சபை விதிகள் 2022இல் வெளியிடப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று பகுதிச் சபைகள் கூடின.

இரு தடைகள் இங்கு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, அதிகாரம் சிதறிக்கிடப்பது. பெங்களூரில் குடிநீர் 1964இல் அமைந்த வாரியத்திடமும், நில வளர்ச்சி 1976இல் அமைந்த ஆணையத்திடமும் ஒப்படைக்கப்பட்டன. வார்டுக் கூட்டத்தில் குடிநீர் பற்றிக் கேட்டால், 'அது வாரியத்தின் பொறுப்பு' என்னும் விடையே கிடைக்கும். இரண்டாவது, தேர்தல் தாமதம். பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரிலும், மும்பை மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சிலும் முடிந்தன. பதவிக்காலம் முடிவதற்கு முன் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்று அரசியலமைப்பு கூறினும், இரு நகரங்களிலும் மூன்றாண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாதிருந்தது. மன்ற உறுப்பினர் இல்லாத வார்டில் குழுவுக்குத் தலைவரும் இல்லை.

தீர்மானமாவதற்கு வேண்டியவை

மேற்கூறிய அனுபவங்களிலிருந்து சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, அளவு. ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு வாக்காளர் கொண்ட பகுதியே முகமறிந்து பேசுவதற்கு ஏற்றது.

இரண்டாவது, நேரமும் இடமும். வேலை நாளின் முற்பகலில் கூட்டம் வைத்தால் கூலித் தொழிலாளரும் வீட்டுப் பணிப்பெண்களும் வர இயலாது. விடுமுறை நாளில், அனைவரும் தயக்கமின்றி நுழையக்கூடிய பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ கூடுவதே முறை.

மூன்றாவது, பிரித்தறிதல். சபையில் எழும் கோரிக்கைகள் மூவகைப்படும். தெருவிளக்குப் பழுது போன்றவை வார்டு அளவிலேயே தீர்வன. கழிவுநீர்க் குழாயை அகலப்படுத்துதல் போன்றவை நகராட்சி மன்றத்தின் நிதி ஒதுக்கீடு வேண்டுவன. குடிநீர் வாரியம், மின்வாரியம், காவல்துறை சார்ந்தவை மாநில அரசுக்கு உரியன. கூட்டத்திலேயே இவற்றைப் பிரித்து எழுதினால், எதை யாரிடம் கேட்பது என்பது தெளிவாகும். அத்துறைகளின் அலுவலர்கள் வந்திருந்தால் மூன்றாம் வகைக்கும் விடை கிடைக்கும்.

நான்காவது, நிதி. சிறிய தொகையாயினும் சபையின் முடிவுக்கு விடப்படும்போதே பேச்சில் பொறுப்பு பிறக்கிறது. புனே மாநகராட்சி 2006 முதல் குடிமக்களின் பரிந்துரைகளை வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கும் முறையைக் கையாண்டது இதற்கு எடுத்துக்காட்டு. நூறு கோரிக்கைகளை எழுதிக் கொடுப்பது எளிது. பத்து வேலைகளுக்கு மட்டும் பணம் உண்டு என்றால், எதை முதலில் செய்வது என்று அண்டை வீட்டார் தமக்குள் வாதிட்டு முடிவு செய்ய வேண்டியிருக்கும். அரசியற் கல்வி என்பது அதுவே.

ஐந்தாவது, பதில். சென்ற கூட்டத்தின் தீர்மானங்கள் என்னவாயின என்பதை அடுத்த கூட்டத்தின் முதற்பொருளாக அலுவலர் படித்துக் காட்ட வேண்டும். முடியாததை 'முடியாது' என்று காரணத்துடன் கூறினாலும் மக்கள் ஏற்பர். பதிலே வராதபோதுதான் மூன்றாம் கூட்டத்தில் நாற்காலிகள் காலியாகின்றன.

மக்கள் பேசுவதற்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் அவர்கள் நாள்தோறும் பேசுகிறார்கள். அப்பேச்சுக்கு ஓர் அவையும், பதிவேடும், நிதியும், பதிலும் அமைத்துத் தருவதே அரசின் கடமை. அவ்வவையில் வாடகைக் குடியினரும் குடிசைவாசியும் அச்சமின்றி எழுந்து பேசுகிறார்களா என்பதைக் கொண்டே நகர்ப்புற மக்களாட்சியின் வளர்ச்சியை அளவிட வேண்டும்.