வான்கோழிகள் மடிந்ததும் நம் கடலை மூடையும்



நம்மில் மளிகைக்கடை வைத்திருப்போர், மசாலாத் தூள் அரைத்து விற்போர், சாத்தே குழம்புக்காரர்களுக்குக் கடலைப் பருப்பு கொடுப்போர் ஆகிய எல்லோருடைய கிட்டங்கியிலும் நிலக்கடலை மூடை நாலைந்தாவது அடுக்கியிருக்கும். அந்த மூடைக்குள் வளரக்கூடிய ஒரு நஞ்சை விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை இங்கே எழுத விரும்புகிறேன். படித்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது முழுக்க முழுக்கச் சரக்கு வியாபாரம் சம்பந்தப்பட்டது.

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகச் சாக ஆரம்பித்தன. தீனி எடுக்காமல் சோர்ந்து, சிறகு தொங்கி, ஒரு வாரத்துக்குள் செத்தன. சாகும்போது கழுத்து பின்னால் வளைந்து, கால்கள் பின்புறம் நீட்டி விறைத்திருந்தன. அறுத்துப் பார்த்தால் ஈரல் கெட்டிருந்தது. சில மாதங்களுக்குள் 1,00,000-க்கும் அதிகமான வான்கோழிகள் போய்விட்டன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. இன்ன வியாதி என்று தெரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கணக்கில் தெரியாத தொகைக்கு எக்ஸ் போடுவார்களே, அதுபோல.

தொற்று நோயாக இருக்கும் என்றுதான் முதலில் எண்ணினார்கள். ஆனால் தொற்று நோய் என்றால் பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்குப் பரவ வேண்டும். இது அப்படிப் பரவவில்லை. ஒரு பண்ணையில் சாவு, வேலிக்கு அடுத்த பண்ணையில் ஒன்றுமில்லை. எந்தக் கிருமியும் அகப்படவில்லை. அப்பொழுதுதான் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு வியாபாரி கேட்கும் கேள்வியைக் கேட்டார்கள்: இவர்கள் எல்லோரும் சரக்கு யாரிடம் எடுத்தார்கள்? நோய் கண்ட பண்ணைகளில் பெரும்பாலானவை லண்டன் நகரைச் சுற்றியிருந்தன. அவற்றின் தீனி ஒரே ஆலையிலிருந்து வந்தது. பிறகு செஷயர் பகுதியிலும் நோய் கண்டது. அங்கே ஆலை வேறு. இரண்டு ஆலைகளுக்கும் பொதுவாக இருந்த சரக்கு ஒன்றே ஒன்று. பிரேசில் நாட்டிலிருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்கு! புத்தகத்தை விட இன்வாய்ஸ் தாள்தான் அங்கே வழிகாட்டியது என்று சொன்னால் மிகையாகாது.

பிரேசில் சரக்கு மட்டும்தான் கெட்டது என்று முடித்துவிடவும் முடியவில்லை. ஆப்பிரிக்காவில் உள்ளூர்க் கடலையைத் தின்ற வாத்துக் குஞ்சுகளும் இதே விதமாகச் செத்திருந்தன. ஆகவே கோளாறு நாட்டில் இல்லை, வேறு எதிலோ இருக்கிறது என்று தெரிந்தது.

புண்ணாக்கிலுள்ள நஞ்சை இரசாயனத் திராவகத்தில் கரைத்து எடுத்து, பொரித்து ஒரு நாளே ஆன வாத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். வாத்துக் குஞ்சு மிக நுட்பமான தராசு. அற்ப அளவு நஞ்சுக்கும் அதன் ஈரல் காட்டிக்கொடுத்துவிடும். புண்ணாக்கை பூதக்கண்ணாடியில் பார்த்தபோது பூஞ்சண இழைகள் தெரிந்தன. ஆனால் அவை செத்துக் கிடந்தன. இந்த இடத்தைச் சகோதரர்கள் கவனிக்க வேண்டும். பூஞ்சணம் செத்துவிட்டது, அது கக்கிய நஞ்சு சாகவில்லை. பின்னர் நஞ்சேறிய கடலையிலிருந்து உயிருள்ள பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்து, சுத்தமான கடலையில் வளர்த்தார்கள். அந்தச் சுத்தமான கடலையும் நஞ்சாயிற்று. குற்றவாளி 1961-இல் அகப்பட்டது இப்படித்தான். அதன் பெயர் அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். மஞ்சள் கலந்த பச்சை நிறம். நம் கடைகளில் ஈரம் பட்ட சரக்கில் காண்கிற அதே பூஞ்சணம். அந்தப் பெயரின் முதல் எழுத்தையும் 'ஃப்ளா' என்பதையும் எடுத்து, நஞ்சு என்று பொருள்படும் 'டாக்சின்' என்ற சொல்லைச் சேர்த்து 'அஃப்ளாடாக்சின்' என்று நஞ்சுக்குப் பெயரிட்டார்கள்.

ஊதாக் கதிர் விளக்கின் கீழ் வைத்தால் இந்த நஞ்சில் ஒரு வகை நீலமாகவும் இன்னொரு வகை பச்சையாகவும் ஒளிவிடும். முன்னதற்கு பி என்றும் பின்னதற்கு ஜி என்றும் பெயர். எல்லாவற்றிலும் கொடியது பி1. அந்தப் புண்ணாக்கைத் தின்ற எலிகளின் ஈரலில் கட்டிகள் வளர்ந்ததை 1961-லேயே கண்டார்கள். மனிதருக்கும் இது ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1987-இல் முதல் தரப் பட்டியலில் சேர்த்தது. மஞ்சள் காமாலை பி கிருமி ஏற்கெனவே உடம்பில் உள்ளவர்களுக்கு அபாயம் பல மடங்கு.

கோழிக்கு வந்தது மனிதருக்கு வராதா? வந்தது. 1974-இல் இந்தியாவில் குஜராத், ராஜஸ்தான் எல்லையோரக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை ஏழை ஜனங்கள் தின்றார்கள். 397 பேர் நோயில் விழுந்து 106 பேர் இறந்தார்கள். அவர்களுடைய சோற்றைப் பங்கிட்டுத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. 2004-இல் கென்யாவில் இதே மக்காச்சோளத்தால் 125 பேர் மாண்டனர். நம் மண்ணிலும் நடந்திருக்கிறது. 1988-இல் பேராக் மாநிலத்தில் லோ சீ ஃபான் என்னும் அரிசி மாவு மீயைச் சாப்பிட்ட 13 குழந்தைகள் ஈரல் செயலற்று இறந்தார்கள். அஃப்ளாடாக்சின்தான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். போரிக் அமிலமும் அதில் கலந்திருந்தது. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் வாங்கியதும் நம்மைப் போன்ற ஒரு கடையில்தானே.

சரி, நம் கிட்டங்கிக்கு வருவோம். இந்தப் பூஞ்சணத்துக்குப் பிடித்தமான உஷ்ணம் 25 முதல் 35 டிகிரி. அதாவது ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் ஊர் உஷ்ணம். உஷ்ணத்தை நாம் மாற்ற முடியாது, ஈரத்தை மாற்றலாம். உரித்த கடலைப் பருப்பில் ஈரம் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் பூஞ்சணம் தலையெடுக்காது. மூடையைச் சிமெண்டுத் தரையில் நேரே போடுவதும், சுவரோடு ஒட்டி அடுக்குவதும், மழை ஒழுகும் தகரத்தின் கீழ் வைப்பதும் பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதுதான். பலகை போட்டு, சுவருக்கும் மூடைக்கும் நடுவே ஆள் புகும் இடம் விட்டு, பழைய சரக்கை முதலில் தள்ள வேண்டும். பூச்சி துளைத்த பருப்பு, சுருங்கிய பருப்பு, தோல் கறுத்த பருப்பு ஆகியவற்றில்தான் நஞ்சு அதிகம் சேரும். இவற்றைக் கையால் பொறுக்கிக் கழிப்பது இன்றைக்கும் நல்ல வைத்தியம்.

"வறுத்தால் சரியாகப் போய்விடும் நானா" என்று ஒரு மொத்த வியாபாரத் தம்பி என்னிடம் சொன்னார். போகாது. வறுத்தால் ஓரளவு குறையும். சாதாரணச் சமையல் சூட்டில் இந்த நஞ்சு அழியாது. கழுவினாலும் போகாது. அரைத்துத் தூளாக்கினாலோ, கெட்ட பருப்பு கண்ணுக்கு மறைந்துவிடுமே தவிர நஞ்சு மறையாது. மிளகாய், ஜாதிக்காய், மக்காச்சோளம் ஆகியவற்றுக்கும் இதே சட்டம்தான். பூத்த மிளகாயை மிஷினுக்கு அனுப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டென்று எல்லோருக்கும் தெரியும், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கச் சர்க்கார் உணவுச் சரக்கில் அனுமதிக்கும் உச்ச அளவு நூறு கோடிப் பங்கில் 20 பங்கு. ஆயிரம் டன் கடலையில் 20 கிராம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் அப்படியே தின்னும் கடலைக்கு 4 பங்குதான். இதில் இன்னொரு சங்கடம்: நஞ்சு மூடை முழுதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. சில ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டு மட்டும் மிகக் கடுமையாக நஞ்சேறியிருந்தால் மூடை முழுதும் தேறாது. மூடை வாயில் ஒரு பிடி எடுத்துப் பார்த்து விலை பேசும் நம் வழக்கம் இங்கே பயன்படாது. மேலும், நடுவிலும், அடியிலும், பல மூடைகளிலும் எடுத்துக் கலந்துதான் மாதிரி அனுப்ப வேண்டும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னதும், ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கேட்டதும் மதரஸாவில் ஓதிய நம் எல்லோருக்கும் தெரிந்த சம்பவம். குவியலின் மேற்பரப்பைப் பாராமல் உள்ளே கைவிட்டார்கள் என்பதை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை.

கழித்த பருப்பை என்ன செய்வது என்று கேட்பார்கள். கோழி வளர்ப்பவர்களுக்கும் மாட்டுக்காரர்களுக்கும் மலிவாகத் தள்ளிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கோழி வளராது, முட்டை குறையும், ஈரல் கெடும். பசு தின்றால் பி1 நஞ்சு அதன் உடம்பில் எம்1 என்று உருமாறிப் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. செக்கில் ஆட்டுவதும் வழியல்ல. நஞ்சில் பெரும் பங்கு புண்ணாக்கில் தங்கும், சுத்திகரிக்காத எண்ணெயிலும் கொஞ்சம் வரும். மாட்டுக்குப் போகும் புண்ணாக்கு பாலாகி நம் டீக்கடைக்கே திரும்புகிறது. எனவே கழித்ததை எருக்குழியிலும் கொட்டாமல், கோழி கிளறாதபடி ஆழமாகப் புதைத்துவிட்டு, அதன் விலையை அந்த மாதக் கணக்கில் சேதாரமாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.