புல் வெட்டுற மிஷின் வாங்கப் போறியா?

மைசூரில் வீடு கட்டி லானும் போட்டாச்சு, இனி மிஷின்தானே? கடைக்குப் போறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்து அளந்து பாரு. சைட்டை இல்லடி, புல்லை. 30க்கு 40 சைட்னா 1200 சதுர அடி. வீடு, கார் நிறுத்துற இடம், சம்ப் எல்லாம் போக, புல்லுக்கு 200 சதுர அடி மிஞ்சினாலே பெரிசு. அதுல பெட்ரோல் மிஷினைத் திருப்பக்கூட இடம் பத்தாது.

அந்த அளவுக்குக் கையால தள்ளுற உருளை மிஷினே போதும். 1830-ல இங்கிலாந்துல எட்வின் படிங் செஞ்ச முதல் மிஷினும் உருளைதான். கம்பளித் துணியில பிசிறு வெட்டுற மில் இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. உருளை, கத்தரிக்கோல் மாதிரி நறுக்குறதால நுனி கிழியாது. கரன்ட் வேண்டாம், சத்தமும் இல்லை. ஆனா வாராவாரம் தள்ளணும். ஜூன்ல மழை பிடிச்சதும் ரெண்டு வாரம் விட்டேன்னா புல் உயர்ந்துடும். அப்புறம் உருளை அதை வெட்டாது, சாய்ச்சுட்டுப் போயிடும். உனக்கு அந்தப் பொறுமை இல்லேன்னா மேலே படிச்சுக்கிட்டே போ.

கொரியன் புல் போட்டிருந்தா இன்னொரு விஷயம். அது மெதுவாத்தான் வளரும், ஆனா விட்டா மேடு மேடா எழும்பும். அதுமேல சுழல் பிளேடு மிஷினை ஓட்டினா மேட்டு உச்சி மட்டும் மழிஞ்சு மஞ்சள் திட்டு விழும். எந்தப் புல்லா இருந்தாலும் ஒரே தடவையில மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாதே.

40க்கு 60 சைட்ல நல்ல தோட்டம் விட்டிருந்தா கரன்ட் மிஷின் பாரு. ஒயர் எப்பவும் உன் முதுகுப் பக்கமே இருக்கட்டும். வீட்டுல ஈஎல்சிபி (கரன்ட் கசிஞ்சா தானே துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கான்னு எலெக்ட்ரீஷியனைக் கேட்டுக்கோ. ஈரப் புல்லுல ஓட்டவே கூடாது. ஒயர் தொல்லை வேண்டாம்னா பேட்டரி மிஷின், ஆனா விலை கடிக்கும்; பேட்டரி வீக் ஆனா தனிச் செலவு. பெட்ரோல் மிஷின் பெரிய பங்களாக்காரங்களுக்கு. மாசக்கணக்குல ஓட்டாம வச்சா டேங்க்ல கிடக்குற பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டர் அடைச்சுக்கும்.

பக்கத்துக் காலி சைட்ல பார்த்தீனியம் மண்டிக் கிடக்குன்னு அதையும் சேர்த்து வெட்டலாம்னு நினைக்காதே. அங்கே கல்லு இருக்கும், பாம்பும் இருக்கலாம். பிரஷ் கட்டர் வச்சிருக்கிற ஆளைக் கூப்பிட்டுக் கூலி கொடுத்துடு.

உருளை மிஷின்னா கடையிலேயே ஒரு சோதனை. உருளைக்கும் அடிப் பிளேடுக்கும் நடுவுல நியூஸ்பேப்பர் துண்டை நீட்டி, உருளையைக் குச்சியால மெதுவாச் சுத்து. விரலைக் கிட்டக் கொண்டுபோகாதே. காகிதம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சுத்தமா வெட்டுப்படணும். எங்கேயாவது மடங்கினா, அங்கேயே செட் பண்ணித் தரச் சொல்லிட்டு, அப்புறம் காசைக் கொடு.