பார்வை அளவையாளர் தொழில்

வகுப்பிற் கடைசி வாங்கில் இருக்கும் மாணவன் ஒருவன், கரும்பலகையை நோக்காது, அயலவனுடைய கொப்பியைப் பார்த்து எழுதுகின்றான். ஆசிரியர் அவனைச் சோம்பேறி எனக் கடிகின்றார். கற்பித்த காலத்தில் நாமும் அவ்வாறு கடிந்ததுண்டு. அம்மாணவனுக்கு வேண்டியது கண்டிப்பன்று, மூக்குக்கண்ணாடியே என்பதைப் பின்னரே அறிந்தோம். அவ்வுண்மையைக் காலந் தாழ்த்தாது கண்டு கூறவல்ல ஒரு தொழிலைப் பற்றி, மேற்படிப்பை நாடி நிற்கும் மாணவர்க்கு ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

கண்ணைப் பேணுவோர் மூவகையினர். கண் வைத்திய நிபுணர் மருத்துவப் பட்டம் பெற்று, நோய்க்கு மருந்தும் சத்திரசிகிச்சையும் அளிப்பவர். ஒப்டீசியன் என்பவர் எழுதிக் கொடுத்த அளவின்படி கண்ணாடியை அமைத்துப் பொருத்துபவர். இவ்விருவர்க்கும் நடுவே நின்று, பார்வையை அளந்து, வேண்டிய வில்லையைத் தீர்மானித்து, நோயின் அறிகுறி காணின் நிபுணரிடம் அனுப்புபவரே ஒப்டோமெற்றிஸ்ட் எனப்படும் பார்வை அளவையாளர்.

இவரது வேலை, பௌதிக வகுப்பில் நாம் கற்ற ஒளியியலிலிருந்தே தொடங்குகின்றது. குறும்பார்வை உடையவனின் கண்ணிலே தூரப்பொருளின் விம்பம் விழித்திரைக்கு முன்னே விழும். குழிவு வில்லை அதனைப் பின்தள்ளித் திரையிற் சேர்க்கும். குறையை அளப்பதற்குச் சுவரிலே தொங்கும் எழுத்து அட்டையை 1862இல் வகுத்தவர் ஒல்லாந்து தேசத்துக் கண் வைத்தியர் சினெலன். ஆறு மீற்றர் தூரத்திலிருந்து படிக்கவேண்டிய 6/6 வரியின் எழுத்து ஏறக்குறைய 8.7 மில்லிமீற்றர் உயரமுடையது. ஒருவரின் பார்வை 6/18 எனின், செவ்விய கண் 18 மீற்றரிற் படிக்கும் எழுத்தை அவர் 6 மீற்றரிலேதான் படிக்கின்றார் என்பது பொருள். எழுத்தறியாக் குழந்தையையும் அளக்கலாம். ரெற்றினொஸ்கோப் என்னும் கருவியாற் கண்மணியினுள் ஒளியைச் செலுத்தி, அங்கே தோன்றும் செவ்வொளி அசையும் திசையை நோக்கி, அவ்வசைவு அடங்கும்வரை வில்லைகளை மாற்றிக் குறையைக் கணிப்பர்.

ஆயினும், அளத்தல் இத்தொழிலின் பாதியே. நாற்பது வயதைக் கடந்த ஒருவர் புத்தகத்தைக் கையெட்டுந் தூரத்திற் பிடித்துப் படிப்பாராயின், அது பெரும்பாலும் வெள்ளெழுத்து, கண்ணாடி போதும். கிளோக்கோமா என்னும் நோயோ பலருக்கு வலியின்றி வந்து, பக்கப்பார்வையை முதலில் அரிக்கும். நடுப்பார்வை நன்றாயிருப்பதால் நோயாளி எழுத்து அட்டை முழுவதையும் வாசித்துவிடவும் கூடும். இழந்த பார்வையோ மீளாது. கண்ணாடி வாங்க வந்தவரின் கண்நரம்பையும் கண்ணமுக்கத்தையும் சோதித்து, ஐயம் தோன்றியவிடத்து அனுப்பாவிடின், 'கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம்' என்னும் பழமொழி அவர் வாழ்வில் மெய்யாகிவிடும். ஆதலால், "கண்ணாடியால் உமக்குப் பயனில்லை, வைத்தியரிடம் செல்லும்" என்று தக்க வேளையிற் சொல்ல அறிதலே இத்தொழிலின் உச்சம் என்போம்.

அவ்வாறு சொல்வது எளிதன்று. கண்ணாடி விற்றாலன்றி வருவாய் இல்லை என்னும் நிலையில், அளப்பவரின் நேர்மை சோதனைக்குள்ளாகின்றது. 1890களில் நியூயோர்க் நகரிலே சாள்ஸ் பிரென்ரிஸ் என்பவர், கண்ணாடியின் விலைக்குப் புறம்பாகப் பரிசோதனைக்கென மூன்று டொலர் கட்டணம் பெற்றார். வைத்தியரல்லாதார் அவ்வாறு பெறலாகாது என ஆட்சேபம் எழுந்தது. அவர் பின்னிடவில்லை. ஊதியம் பண்டத்திற்கு மட்டுமன்று, அறிவுக்கும் உரியது என்பது அவர் கொள்கை. 1901இல் மினசோற்றா மாநிலம் இத்தொழிலுக்கு முதற் சட்டம் இயற்றிற்று; 1908இல் நியூயோர்க்கும் அவ்வழி சென்றது. பிரித்தானியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுமுறையை நிறுவிற்று.

எமக்கு அண்மையில், சென்னையிலே எலீற் ஒப்டோமெற்றிக் கல்லூரி 1985இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இப்பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள் கொண்டது. அவற்றுள் ஓராண்டு நோயாளரிடையே பெறும் பயிற்சி. பௌதிகத்திலும் உயிரியலிலும் தேர்ச்சியும், மற்றவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் குணமும் இதற்கு வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுதலால், தாம் பெறவிருக்கும் பட்டம் எங்கே பதிவுக்குரியது என்பதைச் சேருமுன் விசாரித்தறிதல் அவசியம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பார்வைக் குறைபாடுடையோர் குறைந்தது 220 கோடிப் பேர்; அவருள் 100 கோடிப் பேரின் குறையேனும் தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. ஆகவே, மருத்துவ பீடம் கிட்டாதார்க்கு எஞ்சிய தொழில் இது என மாணவர் எண்ணற்க. விரும்பித் தெரிதற்குரிய தொழில் இது. ஆசிரியர்க்கும் ஒரு சொல்: கடைசி வாங்கு மாணவனைக் கடியுமுன், அவன் இருக்குமிடத்திலிருந்தே கரும்பலகையிலுள்ள ஒரு வரியை வாசிக்கச் சொல்லுங்கள்.