தட்டையடி அலுமினியத் தோணி வாங்குமுன் ஆராய வேண்டுவன

காளையார்கோவில் வட்டாரத்துக் கிராமவாசி ஒருவரிடம் தோணி வாங்குவதைப் பற்றிப் பிரஸ்தாபித்தால் அவர் நகைக்கக்கூடும். கடல் கிழக்கே தொண்டியில் இருக்கிறது; இங்கே உள்ளவை கண்மாய்கள்; அவையும் வருஷத்தில் பல மாதங்கள் வறண்டு கிடப்பவை. ஆயினும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிரம்பிவிட்டால், மடையடிக்குச் செல்லவும், கரையின் உட்புறத்தில் அரிப்புக் கண்ட இடத்தைப் பார்வையிடவும், மீன் பிடிக்கவும், நீர் சூழ்ந்த வீடுகளிலிருந்து முதியோரையும் கர்ப்பிணிகளையும் அழைத்து வரவும் தோணி ஒன்று அவசியமாகிறது.

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லாவைச் சேர்ந்த காயல்பட்டினத்தில் ஒரு நாள் பொழுதில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. குளங்கள் உடைந்து பல கிராமங்கள் துண்டிக்கப்பட்டன. ஸ்ரீவைகுண்டம் ரெயில் நிலையத்தில் சுமார் 800 பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டனர். அங்குள்ள ஊர்களும் நம் ஊர்களைப் போலக் குளத்துப் பாசனத்தை நம்பியவையே. வெள்ளம் வருமுன்னே அணை கோலவேண்டும் என்பது முன்னோர் மொழி. தோணிக்கும் அது பொருந்தும்.

தோணி வாங்குவது கூட்டுறவுச் சங்கத்திற்குப் புறம்பான காரியம் என்று அங்கத்தினர்கள் எண்ணவேண்டாம். 1895 முதல் 1897 வரையில் சென்னை மாகாணத்திற்காகக் கூட்டுறவுக் கடன் முறையை ஆராய்ந்து அறிக்கை எழுதிய பிரெடெரிக் நிக்கல்ஸனே, 1907-இல் இம்மாகாணத்து மீன்வளத் துறை தோன்றவும் காரணமாக இருந்தார். தனி மனிதரால் வாங்க இயலாத சாதனத்தைப் பலர் கூடி வாங்குவதே சங்கத்தின் நோக்கம். ஆனால் பலருடைய பணம் ஆதலால், பன்மடங்கு ஜாக்கிரதையும் வேண்டும்.

1. உலோகம் எத்தகையது?

அலுமினியம் நமக்குப் புதியதன்று. சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரெட் சாட்டர்டன் 1898-இல் அங்கே அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அது முதல் அது நம் அடுப்பங்கரைகளில் இடம் பெற்றது. ஆனால் பாத்திரத் தகடு மிருதுவானது, தோணிக்கு உதவாது. மக்னீசியம் சேர்ந்த 5052, 5083 என்னும் எண்ணுள்ள கலப்புத் தகடுகளே நீரில் நெடுநாள் உழைக்கும். விற்பவர் "நல்ல அலுமினியம்" என்று சொல்வதோடு நில்லாமல், தகட்டின் எண்ணை விலைச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்கவேண்டும்.

2. அகலமா, கனமா?

தட்டையான அடியுள்ள தோணி சொற்ப நீரிலும் மிதக்கும். ஆட்கள் ஏறி இறங்கும்போது அதிகம் ஆடாது. இவை கண்மாய்க்கு ஏற்ற குணங்கள். இரண்டு தோணிகளை உதாரணமாக வைத்து ஒப்பிடுவோம். இரண்டும் 4 மீட்டர் நீளம். பக்க உயரம் 45 சென்டிமீட்டர். முதலாவதன் அகலம் 90 சென்டிமீட்டர். தகட்டின் கனம் 3 மில்லிமீட்டர். இரண்டாவதன் அகலம் 120 சென்டிமீட்டர். தகடு 2 மில்லிமீட்டர்.

ஒரு சதுர மீட்டர் அலுமினியத் தகடு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்திற்கும் 2.7 கிலோகிராம் எடையுள்ளது. அதன்படி, சட்டங்களும் ஆசனங்களும் நீங்கலாக, முதல் தோணி சுமார் 65 கிலோவும் இரண்டாவது சுமார் 51 கிலோவும் இருக்கும். முதல் தோணியின் தகடு கனமானது என்று விற்பவர் புகழ்வார். அது மெய்யே. ஆனால் ஒருபுறம் சாய்வதைத் தாங்கும் சக்தி அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் அச்சக்தி இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. மனிதரை ஏற்றுவதற்கு அகன்ற தோணியே மேலானது.

மெல்லிய தகட்டிற்கும் ஒரு குறை உண்டு. நம் கண்மாய்களின் உள்வாயில் சீமைக் கருவேல மரங்களை வெட்டிய அடிக்கட்டைகள் நீருக்குள் மறைந்து கிடக்கின்றன. அவற்றில் மோதினால் 2 மில்லிமீட்டர் அடித்தகடு நசுங்கவோ கிழியவோ கூடும். இதற்குப் பரிகாரம் யாதெனில், 120 சென்டிமீட்டர் அகலத்தில், அடித்தகடு 3 மில்லிமீட்டரும் பக்கத்தகடுகள் 2 மில்லிமீட்டருமாக உள்ள தோணியைக் கேட்பதாம். கணக்கிட்டால் அதன் எடையும் சுமார் 64 கிலோவே; குறுகிய தோணியின் எடைக்கு மேற்படவில்லை. சட்டங்கள் சேர்த்தாலும் நான்கு ஆட்கள் தூக்கி மாட்டு வண்டியிலோ டிராக்டரிலோ ஏற்றலாம்.

3. இணைப்பு எவ்வாறு?

தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைப்பது ஒரு முறை. வெல்டிங் செய்து ஒட்டுவது மற்றொன்று. வெல்டிங் செய்த தோணி நெடுநாள் ஒழுகாது. ஆனால் பழுதுபட்டால் ஆர்கான் வாயு கொண்டு வேலை செய்யத் தெரிந்த பட்டறையை நாடவேண்டும். இரும்புக் கதவு ஒட்டும் சாதாரணப் பட்டறையில் அவ்வேலை ஆகாது. ரிவெட் ஆணிகள் காலக்கிரமத்தில் தளர்ந்து ஒழுகும். ஆயினும் அருகிலேயே ஒட்டுத் தகடு வைத்துச் செப்பனிடலாம். தங்களுக்கு எட்டும் தூரத்தில் எந்தப் பட்டறை உண்டென்று விசாரித்த பின்னரே இதைத் தீர்மானிக்க வேண்டும்.

4. நீர் புகுந்தால் மிதக்குமா?

மரத்தோணி கவிழ்ந்தாலும் மிதக்கும். அலுமினியமோ தண்ணீரைக் காட்டிலும் 2.7 மடங்கு கனமானது. நீர் நிறைந்தால் அமிழ்ந்துபோகும். ஆதலால் ஆசனங்களின் அடியில் நீர் உறிஞ்சாத நுரைப்பொருள் அடைத்த பெட்டிகள் இருத்தல் வேண்டும். 80 கிலோ எடையுள்ள வெறுந்தோணி மூழ்காதிருக்கவே சுமார் 50 லிட்டர் கொள்ளும் மிதவைப் பெட்டி தேவை. பற்றிக்கொண்டு தொங்கும் மனிதர்களுக்கு அதற்கு மேலும் வேண்டும். இப்பெட்டி இல்லாத தோணியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

5. பரீட்சை

பணம் கொடுக்குமுன் முழங்கால் ஆழ நீரில் தோணியை இறக்கிப் பரீட்சிக்கவேண்டும். முதலில், ஆறு பேர் எடைக்குச் சமமான சுமார் 400 கிலோ மணல் மூட்டைகளைச் சமமாகப் பரப்புக. தோணியின் விளிம்பு நீர்மட்டத்திற்கு மேல் 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நிற்கவேண்டும். பிறகு பாதி மூட்டைகளை இறக்கிவிட்டு, மிகுந்தவற்றை ஒரே பக்கத்து விளிம்பை ஒட்டி அடுக்குக. சாய்ந்த பக்கத்தில் 15 சென்டிமீட்டராவது எஞ்சவேண்டும். கடைசியாக, தோணியில் நீரை நிரப்பி அது மிதக்கிறதா என்று காண்க. இப்பரீட்சைக்கு இசையாத வியாபாரியிடம் வாங்காதிருப்பதே நலம்.

இது வீண் சந்தேகம் அன்று. 2009-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு ஒன்று ஒருபுறமாகச் சாய்ந்து கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அது நமது தோணியைவிட மிகப் பெரிய படகு. அன்று புயலும் இல்லை. ஆகையால் ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கையைத் தோணியின் இருபுறமும் வர்ணத்தால் எழுதிவைத்து, எவருக்காகவும் அதை மீறலாகாது.

6. விலையும் நிபந்தனையும்

ஒரே விவரங்களைக் குறிப்பிட்டு மூன்று இடங்களிலிருந்தாவது விலைச்சீட்டு வரவழைத்து, பொதுக்குழுவில் படித்துக் காட்டவேண்டும். துடுப்புகள், மூங்கில் கழி, கயிறு, ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை, வண்டிச் சத்தம் ஆகியவற்றைக் கூட்டிய பிறகே எது மலிவு என்று சொல்லலாம். கண்மாய் நீர்வளத் துறையைச் சேர்ந்ததா, ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்ததா என்று அறிந்து அனுமதி பெறுவதும், என்ஜின் பொருத்துவதாயின் 2021-ஆம் வருஷத்து உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் விதிகளை விசாரிப்பதும் அவசியம்.

7. பாதுகாப்பு

சுண்ணாம்பும் ஈரச் சிமெண்டும் அலுமினியத்தை அரிக்கும். இவற்றின் அருகே தோணியை வைக்கலாகாது. செம்பு ஆணியும் வெறும் இரும்பு ஆணியும் அடிக்கலாகாது. கோடையில் சேற்றைக் கழுவி, உலர்த்தி, மரக்கட்டைகளின் மீது கவிழ்த்து நிழலில் வைக்கவேண்டும். இடி மின்னல் வேளையிலும், கலுங்கு பாயும்போது அதன் அருகிலும், தாழத் தொங்கும் மின்கம்பியின் கீழும் தோணியைச் செலுத்துவது உயிருக்கு ஆபத்து.

கண்மாய் வறண்டிருக்கும் சித்திரை, வைகாசியே தோணி வாங்கத் தக்க காலம். அப்போது ஆராய்ந்து பேரம் பேச அவகாசம் உண்டு. பரீட்சைக்கு முழங்கால் ஆழத் தண்ணீர் நிற்கும் ஒரு குளம் போதும். அகன்ற அடி, கனத்த அடித்தகடு, மிதவைப் பெட்டி ஆகிய மூன்றையும் அங்கத்தினர்கள் மறவாமல் கேட்டு வாங்குவார்களாயின், சங்கத்தின் பணமும் ஊராரின் உயிரும் காக்கப்படும்.