பறவைகளுக்கு ஒரு தானியப் பாத்தி: ஈர மண்ணில் அவசரம் வேண்டாம்

நாம் குடியிருக்கும் காலனியில் பத்தடிக்குப் பத்தடி இடம் சும்மா கிடந்தால், அதில் பறவைகளுக்கென்றே சோளமோ கம்போ விதைத்து, அறுக்காமல் விட்டுவிடலாம். சிட்டுக்குருவியும் சில்லையும் கதிரிலிருந்தே கொத்தித் தின்னும். குழந்தைகளுக்கும் இது நல்ல பாடம். ஆனால் புனே, சோலாப்பூர் போன்ற கரிசல் மண் ஊர்களில் வாழும் நம் குடும்பங்கள் முதலில் கற்க வேண்டியது, எப்போது விதைக்கக் கூடாது என்பதைத்தான்.

ஈரம் ஏன் கெடுதல்?

விதை முளைக்க நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண்ணின் நுண்துளைகளில் நீர் நிறைந்துவிட்டால் காற்றுக்கு இடமில்லை, விதை அழுகிவிடும். கரிசல் மண் நீரைக் குடித்து உப்பும்; காயும்போது சுருங்கி வெடிக்கும். ஈரமாக இருக்கையில் அதை மிதித்தாலோ கொத்தினாலோ துளைகள் நசுங்கி, காய்ந்தபின் செங்கல்லைப் போல் இறுகிவிடும். வேர் அதில் இறங்காது. ஒரு நாள் அவசரத்தால் அந்தப் பருவமே வீணாகும்.

பதம் பார்ப்பது எப்படி?

நான்கு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, சீடைக்கு உருட்டுவது போல உருட்டுங்கள். பிறகு கட்டை விரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் விதைக்கலாம். பிசைந்த மாவு போல அமுங்கினால் பொறுங்கள். மேல்மண் காய்ந்திருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குழந்தைகளையே சோதிக்கச் சொல்லி, முடிவை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதச் செய்யுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியவை

1. பாத்திக்குள் யாரும் நடக்க வேண்டாம். அவசியமானால் பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

2. தண்ணீர் தேங்கினால், பாத்திக்கு வெளியே ஓர் அடி தள்ளி, தாழ்வான பக்கம் நோக்கிச் சிறு வாய்க்கால் வெட்டுங்கள்.

3. மண் பதத்துக்கு வந்ததும் மக்கிய எருவைக் கலந்து, அரையடி உயரத்துக்குப் பார் அமைத்து, அதன்மேல் விதையுங்கள்.

தாமதமானால் நஷ்டமா?

இல்லை. மகாராஷ்டிர விவசாயிகள் ரபி சோளத்தைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், மழை ஓயும் தறுவாயில்தான் விதைக்கிறார்கள். கரிசல் மண் சேமித்து வைத்த ஈரத்திலேயே அது வளர்ந்து, சுமார் நான்கு மாதத்தில் முற்றிவிடும். மழைக்காலப் புல்விதைகள் குறைந்துவரும் நேரத்தில் பறவைகளுக்கு இரை கிடைக்கும். விதையை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும்.

இடம் என்றுமே சதசதவென்று இருந்தால் அதற்கேற்ற பயிரைத் தேடுங்கள். நம் குதிரைவாலி மற்றச் சிறுதானியங்களைவிட ஈரத்தைத் தாங்கும். அதே இனத்தைச் சேர்ந்த ஜப்பானியத் தினையை அமெரிக்காவில், நீர் வடிந்த குளக்கரைச் சேற்றில் காட்டு வாத்துகளுக்காகவே விதைக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

கடையில் சிவப்பு அல்லது இளஞ்சிவப்புச் சாயத்துடன் விற்கும் விதை மருந்து கலந்தது. அதைத் தின்றால் பறவைகள் இறக்கக்கூடும். ஆகவே மருந்து கலவாத விதையை வாங்குங்கள். பூச்சி மருந்தும் தெளிக்காதீர்கள். சிட்டுக்குருவி தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிகளைத்தான்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். தொடங்குமுன் சொசைட்டி கமிட்டியிடம் அனுமதி பெறுங்கள். அண்டை வீட்டு மராத்திக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜ்வாரி பற்றி அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நிறையவே தெரிந்திருக்கும்.